கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. முழங்காலில் வலு உள்ளவர்கள் படியேறிப் போவார்கள். மற்றவர்கள் மலைப் பாதையில் காரேறிப் போவார்கள். சென்ற கிருத்திகையன்று கே.ஜி.கண்டிகையில் என் அத்தை வீட்டிலிருந்து கிளம்பிய நாங்கள் இரண்டாவது ஜாதி. பன்னிரண்டு பேர், இரண்டு கார்கள்.

ஒன்று, அத்தான் சமீபத்தில் வாங்கிய புத்தம் புதிய சின்னக் கார். அதை ஓட்டியவன் அத்தையின் பேரன், பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இன்னொன்று, வாடகைக்குப் பிடித்த பழைய அம்பாஸடர். அதை ஓட்டியவர் அறுபது வயசுப் பெரியவர். எந்த வண்டி முதலில் மலை மேல் போய்ச் சேர்ந்திருக்கும் என்கிறீர்கள்? அம்பாஸடர்தான்! நாங்கள் அர்ச்சனைத் தட்டு வாங்கி, தேங்காயைத் தட்டிப் பார்த்து முடித்த பிறகுதான் பையன் வந்து சேர்ந்தான்.

"வண்டி இழுக்கவில்லை, மாமா! ஆறு பேரை ஏற்றிவிட்டால் சின்ன இன்ஜின் பாவம், என்ன செய்யும்?" என்றான் என்னிடம்.

அத்தை சும்மா இருப்பாளா? "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்!" என்று ஒரு போடு போட்டாள். எல்லோரும் சிரித்தோம். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐரோப்பாவில் நடக்கும் பார்முலா ஒன் கார்ப் பந்தயத்தை டெலிவிஷனில் காட்டுவார்கள். பையனுக்கு அதில் ஒரே பைத்தியம். வீடு திரும்பியதும் பெராரிக் கம்பெனியின் சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பேச்சு வாக்கில், "நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயனும் இந்தப் பந்தயம் ஓட்டினவர்தானே?" என்று கேட்டேன்.

"ஓட்டினார், ஓட்டினார்! எப்போதும் கடைசியில்தான் வந்தார்" என்றான் அலட்சியமாக.

பிடித்துக்கொண்டேன் நான். "தம்பி, காலையில் நீ பின்தங்கியதற்குக் காரணம் கார். நரேன் பின்தங்கியதற்குக் காரணம் மட்டும் நரேனா? உனக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா?"

அத்தை முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வழக்கு ஆரம்பமாகிவிட்டது!

தேரா, சாரதியா?

இது இன்று நேற்றைய வழக்கல்ல. குருக்ஷேத்திரத்திலேயே உண்டு. கர்ணனுடைய கை சளைத்ததா? இல்லை. ஆனால் தேர்ச் சக்கரம் பூமியில் புதைந்துவிட்டது, கதை முடிந்தது. அர்ஜுனனுக்கோ கண்ணனே சாரதி. யுத்தம் முடிந்து கண்ணன் இறங்கிய பிறகு அந்தத் தேர் பற்றி எரிந்து சாம்பலாயிற்று என்கிறது பாரதம். அதுவரை அதைக் காப்பாற்றியது தேரா, சாரதியா என்று நீங்களே சொல்லுங்கள்!

பந்தயக் கார் என்றால் நம் வீட்டுக் காரை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டுவது என்று நினைக்கக் கூடாது. ஆகாய விமானத்தின் இறக்கை அதை மேலே தூக்குகிறதல்லவா? அதே இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தினால் வண்டியைக் கீழே அமுக்கும். அப்படி முன்னும் பின்னும் இறக்கை வைத்து, காற்றாலேயே வண்டியைத் தரையோடு ஒட்டவைத்து ஓட்டுகிறார்கள். அமுக்கம் அதிகமானால் வளைவில் அதிக வேகத்தோடு திரும்பலாம். அந்த இறக்கையைச் செதுக்குகிறவர்கள், இன்ஜின் செய்கிறவர்கள், டயர் செய்கிறவர்கள் என்று ஒரு வண்டிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பேர் உழைக்கிறார்கள். பணக்காரக் கோஷ்டிக்கு நல்ல இறக்கை. ஏழைக் கோஷ்டிக்குக் கிடைத்த இறக்கை. வித்தியாசம் ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். ஆனால் அறுபது சுற்று முடிவதற்குள் அது ஒரு முழுச் சுற்றையே விழுங்கிவிடும்.

ஆறு வண்டிப் பந்தயம்

2005-ஆம் வருஷம் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் என்ற கோஷ்டியின் வண்டியில் ஏறினார். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். ஜோர்டான் ஒரு காலத்தில் பெயர் வாங்கிய கோஷ்டி. அந்த வருஷம் நொடித்துப்போயிருந்தது.

ஜூன் 19-ஆம் தேதி அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் பந்தயம். அங்கே ஒரு சாய்வான வளைவு. மிஷலின் கம்பெனி டயர்கள் அந்த வளைவைத் தாங்கமாட்டா என்பது ஒத்திகையிலேயே தெரிந்துபோயிற்று. அந்த டயர் போட்ட 14 வண்டிகளும் பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு சுற்றைச் சுற்றிவிட்டு நேரே கொட்டகைக்குப் போய்விட்டன. டிக்கெட் வாங்கி வந்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறே வண்டிகள் ஓடின. பெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு.

முடிவைக் கவனியுங்கள். முதல் இரண்டு இடம் பெராரி. மூன்றும் நான்கும் ஜோர்டான், ஒரு சுற்றுப் பின்தங்கி. ஐந்தும் ஆறும் மினார்டி, இரண்டு சுற்றுப் பின்தங்கி. கடையில் அடுக்கி வைத்த எவர்சில்வர் டப்பா மாதிரி ஜோடி ஜோடியாக வந்து நின்றார்கள்! இந்த ஜோடிக்குள் யார் முந்தி என்பதைத்தான் ஓட்டியவர்கள் தீர்மானித்தார்கள். எந்த ஜோடி முந்தி என்பதை வண்டி தீர்மானித்துவிட்டது. நரேனுக்கு நான்காம் இடம். ஐந்து புள்ளிகள் கிடைத்தன.

அன்று ஜயித்தவர் ஜெர்மனியின் மைக்கேல் ஷூமாக்கர். ஏழு தடவை உலக சாம்பியன். அதற்கு முந்திய வருஷம், 2004-இல், 18 பந்தயங்களில் 13-ஐ ஜயித்தவர். 2005-இல் 19 பந்தயங்கள். அவர் ஜயித்தது இந்த ஆறு வண்டிப் பந்தயம் ஒன்றே ஒன்றுதான்! ஒரே வருஷத்தில் அந்த மகானுக்கு ஓட்டம் மறந்துபோயிற்றா? இல்லை. நடுவில் டயரை மாற்றாமல் ஒரே டயரில் பந்தயம் முழுவதும் ஓடவேண்டும் என்று அந்த வருஷம் புது விதி வந்தது. அந்த விதிக்கு அவருடைய டயர் ஈடுகொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

"ஷூமாக்கருக்கே கூடம் கோணலாகியிருக்கிறதே!" என்றாள் அத்தை.

இடம் மாறிய பையன்

இன்னொரு சாட்சி. இங்கிலாந்தின் ஜார்ஜ் ரஸல் 2020-இல் வில்லியம்ஸ் வண்டியில் ஓட்டிக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்கத் தேடினாலும் ஒரு புள்ளி இல்லை. டிசம்பர் மாதம் சாம்பியன் ஹாமில்டனுக்குக் கொரோனா வந்துவிட்டது. பஹ்ரைனில் ஒரே ஒரு பந்தயத்துக்கு ரஸலைக் கூப்பிட்டு மெர்ஸிடிஸ் வண்டியைக் கொடுத்தார்கள். சனிக்கிழமை தகுதி ஓட்டத்தில் இரண்டாம் இடம். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் எல்லோருக்கும் முன்னால் பறந்தார். டயர் மாற்றுகிறவர்கள் வேறு வண்டியின் டயரை மாற்றிப் பொருத்திவிட்டார்கள். அப்புறம் டயரில் காற்றும் இறங்கிற்று. ஒன்பதாவதாக வந்து சேர்ந்தார். ஆள் அதே ஆள்தான். ஒரு வாரத்தில் வண்டி மட்டுந்தான் மாறியது.

படித்தவர்கள் கணக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1950 முதல் 2014 வரை நடந்த பந்தயங்களை வைத்து இங்கிலாந்தில் ஷெபீல்ட் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் ஒரு முடிவு சொன்னார்கள். வெற்றி தோல்வி வித்தியாசத்தில் நூற்றுக்குச் சுமார் 86 பங்கு வண்டியும் கோஷ்டியும், மீதிதான் ஓட்டுகிறவர். நகரத்துத் தெருக்களில் நடக்கும் பந்தயத்தில் வண்டியின் பங்கு குறைகிறதாம். அந்தக் கணக்கில் முதலிடம் பெற்ற ஓட்டுநர் யார் தெரியுமா? அர்ஜென்டினாவின் பாஞ்ஜியோ. ஐம்பதுகளில் நான்கு வெவ்வேறு கம்பெனி வண்டிகளில் ஐந்து தடவை சாம்பியன் ஆனவர்.

மழை வந்தால் தெரியும்

"அப்படியானால் ஓட்டுகிறவன் பொம்மையா?" என்று பையன் சண்டைக்கு வந்தான். சிவப்புத் தொப்பியின் கட்சியும் நியாயந்தான்.

1984-இல் மொனாக்கோவில் கொட்டுகிற மழை. அயர்ட்டன் ஸென்னா என்ற பிரேஸில் பையனுக்கு டோல்மன் என்ற சாதாரண வண்டி. 13-ஆம் இடத்தில் கிளம்பியவர், பந்தயத்தைப் பாதியில் நிறுத்தும்போது இரண்டாம் இடத்தில் இருந்தார். வழுக்கும் தரையில் இன்ஜினின் பலத்தை முழுக்க இறக்க முடியாது. அங்கே பேசுவது கையும் காலும்.

நம் நரேனுக்கும் ஒரு மழை வந்தது. 2012-இல் மலேஷியாவில். ஹிஸ்பானியா என்ற அவருடைய கோஷ்டியின் வண்டி அந்தக் காலத்தில் எல்லாவற்றிலும் மெதுவான வண்டிகளில் ஒன்று. தகுதி ஓட்டத்தில் முதல்வர் 100 விநாடியில் சுற்றினால் மற்றவர்கள் 107 விநாடிக்குள் சுற்றியாக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. 2011, 2012 இரண்டு வருஷமும் ஆஸ்திரேலியாவில் அந்தக் கோஷ்டியின் இரண்டு வண்டிகளுமே அந்தக் கோட்டைத் தாண்டமாட்டாமல் பந்தயத்துக்கே வராமல் நின்றன. அப்பேர்ப்பட்ட வண்டி மலேஷியாவில் மழைக்காகப் பந்தயத்தை நிறுத்தியபோது பத்தாம் இடத்தில் நின்றது! பெருமழைக்கான டயரை ஆரம்பத்திலேயே போட்டுக்கொண்டு கிளம்பிய யுக்தி பாதி. வழுக்காமல் ஓட்டிய கை பாதி. தரை காய்ந்ததும் வண்டி தன் பழைய இடத்துக்கே போய்விட்டது.

2010-இல் அதே கோஷ்டிக்கு ஓட்டியவர் சென்னைப் பிள்ளை கருண் சந்தோக். பஹ்ரைனில் தகுதி ஓட்டத்துக்கு வந்தபோதுதான் அந்த வண்டியை முதன்முதலில் ஓட்டவே செய்தார். அதுவரை அதைப் பூட்டி முடிக்கவில்லை! பரீட்சை மண்டபத்தில்தான் புஸ்தகம் கையில் கிடைத்தது என்றால் மார்க்கை யார் கேட்பது?

எல்லோருக்கும் ஒரே வண்டி

சரி, ஓட்டுகிறவனைச் சரியாக எடைபோட வழியே இல்லையா? உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டியைக் கொடுத்துவிடுவது. இதைத் தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியவர் கோயமுத்தூர் கரிவரதன். முன்பெல்லாம் சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில்தான் நம் ஊர்ப் பந்தயம். பணமுள்ளவர்கள் சீமையிலிருந்து வண்டி கொண்டுவருவார்கள். மற்றவர்கள் உள்ளூர் வண்டியை இழைத்துச் சீவிக்கொண்டு வருவார்கள். கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தய வண்டிகளைச் செய்தார். விலையும் கட்டுப்படியாயிற்று, வண்டியும் எல்லோருக்கும் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையில் நரேன் பழகிய வண்டி அதுதான். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் காலமானார். கோயமுத்தூர் செட்டிபாளையத்துப் பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2024-இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் நடந்த பார்முலா நான்கு பந்தயத்திலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டிதான்.

சரி, அப்படி ஒரே வண்டியைக் கொடுத்தபோது நரேன் என்ன செய்தார்? ஏ ஒன் கிராண்ட் பிரீ என்று, தேசத்துக்கு ஒரு வண்டி, எல்லாம் ஒரே அச்சு என்ற பந்தயம் ஒன்று நடந்தது. 2007 டிசம்பரில் சீனாவில் ஜுஹாய் நகரத்துப் பந்தயத்தில் நரேன் ஓட்டிய இந்திய வண்டி முதலாவதாக வந்தது. 2008-இல் இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் மறுபடி அவரே.

அது மட்டுமா? 2011 அக்டோபர் 30-ஆம் தேதி டில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்தியப் பந்தயத்தில் நரேனுக்கு 17-ஆம் இடம். கேட்கச் சுமாராக இருக்கிறதல்லவா? அதே ஹிஸ்பானியா வண்டியில் 18-ஆவதாக, அவருக்குப் பின்னால் வந்த சக ஓட்டுநர் யார் தெரியுமா? டேனியல் ரிக்கியார்டோ. பிற்பாடு நல்ல வண்டிகள் கிடைத்து, எட்டுப் பந்தயங்களில் வென்றவர்! ஒரு நாள் பந்தயத்தை வைத்து நரேன் அவரைவிடக் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், 'கடைசியில் வந்தவர்' என்று உதட்டைப் பிதுக்குவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

பையன் ஒன்றும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அத்தைதான் பேசினாள். "எனக்குக் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டிலே புகையிற அடுப்பு, ஈர விறகு. பதினாலு பேருக்குச் சமையல். ஒரு நாள் சோறு அடிப்பிடிச்சுது. 'உனக்குக் கை சரியில்லே'ன்னாங்க மாமியார். வருஷக்கணக்கா நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். கேஸ் அடுப்பு வந்த அன்னைக்கு அதே கையாலே வைச்ச சோற்றைப் பார்த்துட்டு எங்க மாமியார் ஒண்ணும் சொல்லலே. இன்னும் கொஞ்சம் போடுன்னு தட்டை நீட்டினாங்க."

அதற்குள் பந்தயம் ஆரம்பமாகிவிட்டது. முதல் வண்டி, இரண்டாம் வண்டி என்று முன்னால் போகிறவற்றையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

"ஏண்டா கண்ணு, கடைசியிலே வர்ற பிள்ளையைக் காட்டமாட்டாங்களா?" என்றாள் அத்தை.

"அந்த வண்டியைக் காட்டமாட்டார்கள், பாட்டி" என்றான் பையன். சிறிது நேரம் கழித்து, டெலிவிஷனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓடிக்கொண்டிருந்த பெயர்களில் கடைசிப் பெயரை அத்தைக்குப் படித்துச் சொன்னான்.