பயிற்சியில் மோதல் கிடையாது: ஜான் கலார்டியின் 64 சீசன்கள்

இன்னைக்கு எபிசோட்ல அமெரிக்கன் ஃபுட்பால். பயப்படாதீங்க, ரூல்ஸ் எதுவும் தெரிய வேண்டாம். ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். இது காலால உதைக்கிற ஃபுட்பால் இல்ல. முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தர் ஓடுவார். எதிர் டீம் ஆட்கள் அவர் மேல பாய்ஞ்சு, பிடிச்சு, தரையில சாய்க்கணும். அதுக்குப் பேரு டேக்கிள். ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் போட்டிருந்தாலும் எலும்பு உடையும், மூளை அதிரும்.

இந்த விளையாட்டுல, அமெரிக்கக் கல்லூரி அளவுல, இதுவரைக்கும் அதிக மேட்ச் ஜெயிச்ச கோச் யார் தெரியுமா? ஜான் கலார்டி. 489 வெற்றி, 138 தோல்வி, 11 டிரா. டிவியில வர்ற பெரிய யுனிவர்சிட்டி எதுலயும் அவர் வேலை பார்க்கல. மினசோட்டா மாநிலத்துல, காலேஜ்வில்ங்கிற சின்ன ஊர்ல, பெனடிக்டின் துறவிகள் நடத்தின செயின்ட் ஜான்ஸ்னு ஒரு ஆண்கள் கல்லூரி. அங்கதான் 60 வருஷம் இருந்தார்.

இந்த எபிசோடே இதுக்குத்தான்: அவரோட டீம் பிராக்டிஸ்ல டேக்கிள் பண்ணவே மாட்டாங்க.

16 வயசு கோச்

கதை 1943-ல ஆரம்பிக்குது. கொலராடோ மாநிலத்துல ட்ரினிடாட்னு ஒரு ஊர். கலார்டி அங்க ஸ்கூல் டீம் பிளேயர், 16 வயசு. இரண்டாம் உலகப் போர் நடந்துகிட்டிருந்த நேரம். டீம் கோச்சை ராணுவத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க. ஃபுட்பாலையே நிறுத்திடலாம்னு ஸ்கூல் யோசிச்சப்போ, "நான் பார்த்துக்கிறேன்"னு இந்தப் பையன் முன்னாடி வந்தார்.

நீங்க 16 வயசுல உங்க டீமுக்கே கோச் ஆனா முதல்ல என்ன செய்வீங்க? பிடிக்காததை எல்லாம் தூக்குவீங்க இல்லையா? அவரும் அதையேதான் செஞ்சார். மேட்சுக்குச் சம்பந்தமே இல்லாத உடற்பயிற்சிகளை நிறுத்தினார். முக்கியமா, பசங்களைத் தண்ணி குடிக்க விட்டார். அந்தக் காலத்துல பிராக்டிஸ் நடுவுல தண்ணி குடிச்சா பசங்க சோம்பேறி ஆயிடுவாங்கன்னு கோச்சுகள் நிஜமாவே நம்பினாங்க.

அப்புறம் கொலராடோ காலேஜ்ல படிச்சுக்கிட்டே ஸ்கூல் டீம்களுக்குக் கோச்சா இருந்தார். 1949-ல டிகிரி முடிச்ச கையோட மொன்டானா மாநிலத்துல கேரல் காலேஜ் அவரை எடுத்துக்கிச்சு. 22 வயசு. நாலு சீசன்ல 24 வெற்றி, 6 தோல்வி, ஒரு டிரா. 1953-ல செயின்ட் ஜான்ஸுக்குப் போனார். 2012 வரைக்கும் அங்கிருந்து நகரவே இல்ல.

"இல்லை"களின் பட்டியல்

அவரோட முறையே ஒரு "இல்லை" பட்டியல்தான். பிராக்டிஸ்ல டேக்கிள் இல்லை. விசில் இல்லை. மற்ற டீம்கள் முட்டித் தள்ளிப் பழகுற கனமான இரும்புச் சட்டம் இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல பிராக்டிஸ் இல்லை. சேர வந்த யாரையும் டீமை விட்டு அனுப்புறது இல்லை. அவரை "கோச்"னு கூப்பிடுறது இல்லை, "ஜான்" மட்டும்தான். வார்ம்-அப்ல "நைஸ் டே டிரில்"னு ஒண்ணு. புல்லுல மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து, பக்கத்துல இருக்கிறவன்கிட்ட "நல்ல நாள்ல?"ன்னு சொல்லணும். அவ்வளவுதான்.

சரி, டேக்கிள் பழகாம மேட்ச்ல எப்படி டேக்கிள் பண்ணுவாங்க? அவரோட கணக்கு ரொம்ப சிம்பிள். காலேஜுக்கு வர்ற பையனுக்கு ஆளைப் பிடிச்சுச் சாய்க்க ஏற்கெனவே தெரியும். அவன் கோட்டை விடுறது, சரியான நேரத்துல சரியான இடத்துல இல்லாததாலதான். அதனால மிச்சமான நேரம் முழுக்க அதுக்கே போச்சு: எதிராளி என்ன பண்ணப் போறான்னு கண்டுபிடிக்கிறது, நம்ம நகர்வுகளைத் திரும்பத் திரும்ப ஓடிப் பார்க்கிறது. இன்னொரு லாபமும் இருக்கு. சனிக்கிழமை மேட்சுக்கு அடிபடாத பசங்க கையில இருப்பாங்க.

நான் தூக்கினதும் அவர் தூக்கினதும்

இங்க என் கதை கொஞ்சம். நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். முதல் வேலையில தினமும் சாயங்காலம் ஒரு எக்செல் ஷீட் நிரப்பணும். மூணு வாரம் நிரப்பாம விட்டுப் பார்த்தேன். யாருமே கேட்கல. அந்தத் தைரியத்துல, சர்வர்ல ராத்திரி ஓடிக்கிட்டிருந்த ஒரு பழைய புரோகிராமையும் தேவையில்லைன்னு நிறுத்தினேன். மாசக் கடைசியில பில் எல்லாம் தப்பாப் போச்சு. ரெண்டு ராத்திரி தூங்கல.

கலார்டி பத்திப் படிச்சப்போதான் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்னு புரிஞ்சது. நான் எனக்குப் புரியாததைத் தூக்கினேன். அவர் தூக்கினது எல்லாம் தன் உடம்பாலேயே செஞ்சு பார்த்த பயிற்சிகள். எது மேட்ச்ல உதவுது, எது சும்மா வலிக்குதுன்னு அவருக்குத் தெரியும். மிச்சமான நேரத்தையும் சும்மா விடாம, முக்கியமான ஒரே வேலைக்குக் கொடுத்தார்.

இதுதான் ஜெயிக்கக் காரணமா?

நேர்மையா இதையும் பேசணும். 1954-ல பேர் பிரயன்ட்னு ஒரு கோச், டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் டீமை ஜங்ஷன்ங்கிற வறண்ட ஊருக்கு கேம்ப் கூட்டிட்டுப் போனார். கொளுத்துற வெயில், தண்ணி கிடையாது. தாங்க முடியாம பாதிக்கு மேல பசங்க விட்டுட்டு ஓடிட்டாங்க. அந்த சீசன்ல அவங்க ஜெயிச்சது ஒண்ணு, தோத்தது ஒன்பது. "பார்த்தீங்களா, கொடுமைப்படுத்தினா இப்படித்தான்"னு முடிச்சுட்டா வசதியா இருக்கும். ஆனா 1956-ல அதே பிரயன்ட்டோட டீம் ஒரு மேட்ச் கூடத் தோக்கல. பின்னாடி அலபாமாவுக்குப் போய் ஜாம்பவான் ஆனார்.

அதனால கலார்டியோட 489 வெற்றியை வச்சு "அன்பா இருந்தா ஜெயிக்கலாம்"னு என்னால சொல்ல முடியாது. மூணாவது டிவிஷன்ல விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அந்தச் சூழலும் வேற. ஆனா அந்த 489 வேற ஒண்ணை நிரூபிக்குது. கொடுமை தேவையே இல்ல. அது இல்லாமலும் ஜெயிக்க முடியும்னு ஒருத்தர் 60 வருஷம் செஞ்சு காட்டிட்டார். இனிமே "ஜெயிக்கணும்னா வேற வழி இல்ல"ன்னு எந்த கோச்சும் சொல்ல முடியாது.

இது சின்ன விஷயம் இல்ல. 2001 ஆகஸ்ட்ல, அதே மினசோட்டாவுல, கோரி ஸ்ட்ரிங்கர்னு ஒரு புரொஃபஷனல் பிளேயர் டிரெய்னிங் கேம்ப் வெயில்ல ஹீட் ஸ்ட்ரோக் வந்து இறந்தார். வயசு 27. பிராக்டிஸ்ல போன உயிர்.

கடைசி வருஷங்கள்

2003 நவம்பர்ல கலார்டி 409-வது வெற்றியோட எடி ராபின்சனோட ரெக்கார்டைத் தாண்டினார். அந்த டிசம்பர்ல தேசிய ஃபைனல். எதிர்ல மவுன்ட் யூனியன், தொடர்ந்து 55 மேட்ச் ஜெயிச்சு வந்த டீம். செயின்ட் ஜான்ஸ் 24-6-ன்னு ஜெயிச்சது. அப்போ அவருக்கு 77 வயசு. அது அவரோட நாலாவது தேசியப் பட்டம்.

கடைசி சீசன் சினிமா கிளைமாக்ஸ் மாதிரி எல்லாம் இல்ல. 2012-ல 5 வெற்றி, 5 தோல்வி. 86 வயசுல ஓய்வு. 2018-ல, 91 வயசுல இறந்தார்.

2010-ல டார்ட்மத் கல்லூரியில பட்டி டீவன்ஸ்ங்கிற கோச் பிராக்டிஸ்ல டேக்கிளை நிறுத்தினார். 2016-ல ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கிற ஐவி லீக், சீசன் நடக்கும்போது பிராக்டிஸ்ல டேக்கிள் வேண்டாம்னு முடிவெடுத்தது. மூளை அதிர்ச்சி பத்தின ஆராய்ச்சிகள் வந்த பிறகு எடுத்த முடிவு அது. கலார்டி பல பத்து வருஷத்துக்கு முன்னாடியே அதைச் செஞ்சுட்டார். அவர்கிட்ட ஆராய்ச்சி எதுவும் இல்ல. 16 வயசுல தாகத்தோட ஓடினது ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான்.

உங்க ஆபீஸ்ல, காலேஜ்ல "எங்க காலத்துல நாங்களும் பட்டோம்"ங்கிற ஒரே காரணத்துக்காக இன்னும் நடக்கிற விஷயம் என்னன்னு எழுதி அனுப்புங்க. நல்லதை எல்லாம் அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். தண்ணி குடிச்சிட்டுப் போங்க. பை.