கவிஞர் பெயரில் ஒரு படை

தியோடர் கோர்னர் ஒரு ஜெர்மன் கவிஞர். நெப்போலியனுக்கு எதிரான போரில் 1813-ல் செத்து விழுந்தபோது வயது 21. 132 ஆண்டுகளுக்குப் பிறகு, 1945 ஏப்ரலில், அவசர அவசரமாகத் திரட்டிய ஒரு காலாட்படை டிவிஷனுக்கு ஹிட்லரின் ராணுவம் அவர் பெயரைச் சூட்டியது. அதில் சேர்க்கப்பட்ட பையன்கள் பலருக்குக் கோர்னர் செத்த வயதுகூட ஆகியிருக்கவில்லை. 17, மிஞ்சினால் 18.

பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பிரஷ்ய ராணுவத்தைச் சீர்திருத்திய ஷார்ன்ஹார்ஸ்ட், 16-ம் நூற்றாண்டு எழுத்தாளர் உல்ரிஷ் ஃபான் ஹூட்டன், உடற்பயிற்சி இயக்கம் கண்ட யான் என்று ஆளுக்கொரு டிவிஷன். பஞ்சம் ஆட்களுக்குத்தான். போர் தொடங்கிய 1939-ல் ஒரு காலாட்படை டிவிஷன் என்றால் சுமார் 17,000 பேர், 9 பட்டாலியன்கள். 1944 இறுதியில் 'மக்கள்' அடைமொழியுடன் வந்த டிவிஷன்களில் அது 10,000 பேர், 6 பட்டாலியன்கள் என்று சுருங்கியது. 1945 வசந்தத்தில் அந்தக் கணக்கும் காகிதத்தோடு சரி.

ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஒரு பகுதி, தேசிய உழைப்புப் படையிலிருந்து. வாய்க்கால் வெட்டவும் சாலை போடவும் இளைஞர்களைக் கட்டாயமாகச் சேர்த்த அமைப்பு அது. மண்வெட்டியைப் பளபளவென்று துடைத்து, துப்பாக்கிபோல் தோளில் சாய்த்து அணிவகுப்பது அதன் அடையாளம். கடைசி ஆண்டில் சிலர் விமான எதிர்ப்புப் பீரங்கிகளில் நின்றதால், குண்டுச் சத்தமாவது பழக்கமாகியிருந்தது. ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-ல் இவர்களுக்கு ஐந்தாறு வயது. வேறொரு ஜெர்மனியை அவர்கள் பார்த்ததே இல்லை.

இன்னொரு பகுதி, அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிகளின் மாணவர்கள். பள்ளிகளை மூடி, நாளைக்குப் படையை நடத்த வேண்டியவர்களைச் சாதாரணச் சிப்பாய்களாகக் களத்தில் இறக்கினார்கள். விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவது என்பார்களே, அதுதான். ஆனால் கிழவர்களைத் திரட்டிய மக்கள் படையோடு ஒப்பிட்டால், இந்த மாணவர்கள் நன்றாகவே சண்டையிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். டாங்கிகள் சொற்பம். கையில் இருந்தது பான்ஸர்ஃபாஸ்ட்: ஒருமுறை சுட்டதும் குழாயைத் தூக்கி எறிந்துவிட வேண்டிய ஆயுதம். எதிரி டாங்கியைச் சில பத்து மீட்டர் வரை நெருங்கவிட்டால்தான் பலன்.

யான் டிவிஷனுக்கு முழுதாக உருவாகக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. பெர்லினுக்குத் தெற்கே யூட்டர்போக்கில் திரண்டுகொண்டிருந்தபோதே சோவியத் டாங்கிகள் வந்துவிட்டன.

இந்த டிவிஷன்களைக் கொண்ட 12-வது ராணுவத்தின் தளபதி வால்டர் வெங்க்குக்கு வயது 44. பிப்ரவரியில் நடந்த கார் விபத்தில் விலா எலும்புகள் முறிந்து, இன்னும் முழுதாகக் குணமாகாதவர். அமெரிக்கர்களை எதிர்த்து மேற்கே நின்றிருந்த அவரிடம் ஏப்ரல் 22 நள்ளிரவு தாண்டி ஃபீல்டு மார்ஷல் கைட்டல் நேரில் வந்து உத்தரவிட்டார்: திரும்பு, பெர்லினைக் காப்பாற்று. பதுங்கறையில் இருந்த ஹிட்லர் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, 'வெங்க் எங்கே?'

வெங்க் கிழக்கே திரும்பினார். ஆனால் பெர்லினைப் பிடிக்க முடியும் என்று நம்பவில்லை. பையன்கள் பீலிட்ஸ் வரை முட்டி மோதி, அங்கிருந்த மருத்துவமனையில் சுமார் 3,000 காயம்பட்டவர்களை மீட்டார்கள். போட்ஸ்டாம் அருகே ஃபெர்ஷ் கிராமத்தோடு முன்னேற்றம் நின்றது. தெற்கே சுற்றிவளைக்கப்பட்டிருந்த 9-வது ராணுவத்தின் மிச்சம் மீதி மே 1-ல் வந்து சேரும்வரை அந்த இடத்தை விடாமல் பிடித்திருந்தார்கள். அதற்கு எத்தனை பையன்கள் விலையானார்கள் என்பதைப் பின்னாளில் வெங்க்கைப் புகழ்ந்தவர்கள் அதிகம் பேசுவதில்லை.

பிறகு மேற்கே, எல்பே நதிக்கு. படையினரின் சரணை ஏற்க அமெரிக்கர்கள் சம்மதித்தார்கள். அகதிகளை ஏற்க மறுத்தார்கள். ஆனாலும் படையினரோடு கலந்து பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் தப்பினார்கள். டாங்கர்மூண்டேயில் உடைந்து கிடந்த பாலத்தின்மேல் பலகை போட்டு, மே 7 வரை வரிசை நகர்ந்தது. கடைசிப் படகுகளில் ஒன்றில் வெங்க் ஏறினார். கிழக்குக் கரையில் துப்பாக்கிகள் குவிந்து கிடந்தன.