புதுத் துப்பாக்கி வந்தாச்சு... பூட்டு வாங்கியாச்சா?

புது செல்போன் வருகிறது என்றால் நம் வீட்டு இளசுகள் என்ன செய்வார்கள்? எடை எவ்வளவு, கேமரா எப்படி, விலை என்ன, பழைய மாடலைவிட இதில் என்ன விசேஷம் என்று யூடியூபில் மணிக்கணக்கில் அலசுவார்கள். அமெரிக்காவில் அதே ஆர்வத்தோடு அலசப்படும் இன்னொரு பொருள் உண்டு. துப்பாக்கி!

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக்கூடப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருகிற ஊர் நம்முடையது. அங்கேயோ பொதுமக்கள் கையில் மட்டும் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக, 2018-ல் வெளியான ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ மதிப்பிட்டது. அந்த நாட்டின் மக்கள்தொகையைவிட இது அதிகம்.

2022 ஜனவரியில் அங்கே துப்பாக்கிப் பிரியர்களின் கண்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. ‘சிக் சாவர்’ நிறுவனம் ‘எம்.சி.எக்ஸ்-ஸ்பியர்’ என்ற புது மாடலைப் பொதுமக்களுக்கு விற்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்க ராணுவம் தன் அடுத்த தலைமுறைத் துப்பாக்கிக்காக நடத்திய போட்டியில் இருந்த மாடலின் மக்கள் பதிப்பு அது. முதலில் வந்த சிறப்புப் பதிப்பின் விலை சுமார் 8,000 டாலர். போட்டியில் அந்தத் துப்பாக்கிதான் வென்றது என்று ராணுவம் அறிவித்தது ஏப்ரலில். ஆக, ராணுவம் முடிவைச் சொல்லும் முன்பே அதன் தம்பி கடைக்கு வரத் தயாராகிவிட்டான்!

கார்பைன் என்றால் என்ன?

ரைஃபிளின் குட்டை வடிவம்தான் கார்பைன். நீளமான துப்பாக்கியைக் குதிரை மேல் உட்கார்ந்து கையாள முடியாது என்பதால், அந்தக் காலத்தில் குதிரைப்படை வீரர்களுக்காகக் குட்டையாகச் செய்தார்கள். இன்று குதிரை போய் ராணுவ வண்டி வந்துவிட்டது. ஆனால், குட்டைத் துப்பாக்கியின் தேவை போகவில்லை. அமெரிக்க வீரர்கள் பல வருடங்களாகச் சுமந்த ‘எம்-4’ கார்பைனின் குழல் 14.5 அங்குலம்தான்.

பொதுமக்களுக்கு விதி வேறு. 16 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ரைஃபிள் வேண்டுமென்றால், 1934-ல் வந்த சட்டப்படி அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதனால் கடைகளில் 16 அங்குல மாடல்களே அதிகம். இன்னொரு முக்கியமான வித்தியாசம்... விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் குண்டு மழை பொழியும் ராணுவ ரகத்தைப் புதிதாகச் செய்து மக்களுக்கு விற்க 1986 முதல் தடை. மக்கள் பதிப்பில் ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டுதான்.

அப்படி என்ன மோகம்?

நம்மூரில் புல்லட் பைக் வாங்கி, சைலன்சர், ஹேண்டில்பார், சீட் என்று ஒவ்வொன்றாக மாற்றி அழகு பார்ப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ‘டாக்டிகல்’ என்ற அடைமொழியோடு வரும் கார்பைன்களின் கவர்ச்சியும் அதுதான். டார்ச், தொலைநோக்கி, கைப்பிடி என்று எதையும் மாட்டலாம், கழற்றலாம்.

வாதங்களுக்கும் பஞ்சமில்லை. ராணுவத்தின் புதுத் துப்பாக்கி 6.8 மி.மீ. குண்டைச் சுடுகிறது. பழைய 5.56 மி.மீ. குண்டைவிட வலுவானது. ஆனால், துப்பாக்கியின் எடை கூடிவிட்டது. பழைய மேகஸினில் 30 குண்டுகள், புதியதில் 20தான். ‘வலு முக்கியமா, எண்ணிக்கை முக்கியமா?’ என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். 2025-ல் ஒரு ராணுவ கேப்டனே ஒரு கண்காட்சி மேடையில் இந்தத் துப்பாக்கியை விமர்சிக்க, நிறுவனம் அதை மறுக்க, விவாதம் மறுபடி சூடுபிடித்தது.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த ரசிகர்களில் பெரும்பாலோர் சட்டத்தை மதிப்பவர்கள். சுடுதளங்களில் காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம். ‘நிறுத்து’ என்று குரல் வந்தால் அத்தனை பேரும் நிறுத்த வேண்டும். அங்கே போகும் புதியவருக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம், எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் உள்ளே குண்டு இருக்கிறது என்றே நினைத்து நடந்துகொள் என்பது.

அந்தப் பாடம் வீட்டுக்குள்ளும் கூடவே வருகிறதா? பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

போர்க்களத்திலிருந்து வரவேற்பறைக்கு...

இந்த ரகத் துப்பாக்கிகளின் தாத்தா, யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ‘ஏ.ஆர்-15’. 1959-ல் அதன் உரிமையை ‘கோல்ட்’ நிறுவனம் வாங்கியது. அது ராணுவத்தில் ‘எம்-16’ ஆகி வியட்நாம் போனது. மக்கள் பதிப்பு 1964-லேயே கடைக்கு வந்துவிட்டது. ‘ஏ.ஆர்’ என்பது ‘ஆர்மலைட்’ என்ற நிறுவனப் பெயரின் சுருக்கம்.

1994-ல் இத்தகைய துப்பாக்கிகள் பலவற்றுக்கு மத்திய அரசு தடை போட்டது. அதன் ஆயுள் பத்தே வருடம். 2004-ல் தடை காலாவதியானபின் விற்பனை சூடுபிடித்தது. துப்பாக்கித் தொழில் சங்கம் இவற்றுக்கு ‘நவீன விளையாட்டு ரைஃபிள்’ என்று பெயர் சூட்டியது. 1990-க்குப் பிறகு சந்தைக்கு வந்தவை மட்டும் 3 கோடிக்கு மேல் என்பது அந்தச் சங்கத்தின் மதிப்பீடு.

2022... ஒரு வருடத்தின் காலண்டர்

ஜனவரியில் புது மாடல் அறிவிப்பு வந்தது இல்லையா? அதே வருடம் பிப்ரவரியில் இன்னொரு செய்தி. 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் பலிகொண்ட துப்பாக்கியைத் தயாரித்த ‘ரெமிங்டன்’ தரப்பு, வழக்குத் தொடுத்த 9 குடும்பங்களுக்கு 7.3 கோடி டாலர் தரச் சம்மதித்தது. ‘இதை வாங்கினால்தான் நீ ஆம்பளை’ என்ற தொனியில் இளைஞர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தார்கள் என்பது பெற்றோர்களின் குற்றச்சாட்டு.

ஏப்ரலில் ராணுவத்தின் அறிவிப்பு. மே 24-ல் டெக்சாஸின் உவால்டே ஊரில், 18 வயது இளைஞன் ஒருவன் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். 18 வயது நிறைந்த அதே வாரத்தில், சட்டப்படி பணம் கட்டி அவன் வாங்கியிருந்தவை இரண்டு ஏ.ஆர் ரகத் துப்பாக்கிகள். ஜூனில், 21 வயதுக்குக் குறைந்தவர்கள் துப்பாக்கி வாங்கினால் கூடுதல் விசாரணை வேண்டும் என்று சட்டம் வந்தது.

‘பெரும்பாலான கொலைகள் கைத்துப்பாக்கியால்தானே நடக்கின்றன?’ என்று ரசிகர்கள் கேட்பார்கள். உண்மைதான். துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதும் உண்மை. ஆனால், இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன... பூட்டாத அலமாரியை!

அப்பா வாங்கித் தந்த பரிசு

2024 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலப் பள்ளி ஒன்றில் 14 வயது மாணவன் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். அவன் கையில் இருந்த ஏ.ஆர் ரகத் துப்பாக்கி, அப்பா கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கித் தந்தது என்றார்கள் விசாரணை அதிகாரிகள். அப்பாவும் கைதானார். அதே வருடம் மிச்சிகனில், பள்ளியில் 4 பேரைக் கொன்ற மாணவனின் அம்மா, அப்பா இருவருக்கும் குறைந்தது 10 வருடச் சிறைத் தண்டனை கிடைத்திருந்தது. மகனுக்கென்று வாங்கிய கைத்துப்பாக்கியை அவன் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கவில்லை என்பது அவர்கள் மீது சொல்லப்பட்ட முக்கியமான குற்றச்சாட்டு.

2020-ல், அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதல் காரணமாக, சாலை விபத்தையும் முந்திக்கொண்டு துப்பாக்கி வந்து நின்றது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

அங்கே நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளியில் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும் ‘லாக்டவுன்’ பயிற்சி அவர்களுக்கு நம்மூர் பிரேயர் போலப் பழகிப்போனது.

துப்பாக்கியே இல்லாத வீடுதான் குழந்தைக்குப் பாதுகாப்பு. இருந்தே தீரும் என்றால், குண்டு நீக்கிப் பூட்டி வையுங்கள், குண்டுகளைத் தனியாக இன்னொரு பூட்டுக்குள் வையுங்கள் என்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தினர். குழந்தையை விளையாட இன்னொரு வீட்டுக்கு அனுப்பும் முன், அங்கே துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள் என்பதும் அவர்களின் அறிவுரை.

‘கேட்டால் தப்பாக நினைப்பார்களே’ என்று நமக்குத் தயக்கம் வரும். ‘என் பையனுக்கு வேர்க்கடலை ஆகாது’, ‘உங்கள் வீட்டு நாய் கடிக்குமா?’ என்றெல்லாம் கேட்கத் தயங்குகிறோமா? அந்த வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒழுங்காகச் சுடப் பழகியவர் கோபப்பட மாட்டார். எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினை என்பதுதானே அவர் படித்த முதல் பாடம்!

எடை, நீளம், விலை... புது மாடலின் விளம்பரத்தில் எல்லா விவரமும் இருக்கும். ராத்திரியில் அது எங்கே இருக்கும், சாவி யாரிடம் இருக்கும் என்பது மட்டும் இருக்காது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.