விளையாட்டின் பிறப்புக்குச் சாட்சி யார்?

தைத் திங்கள் முதல் நாளன்று நம் அவனியாபுரத்தில் வாடிவாசல் திறக்கும். மறுநாள் பாலமேட்டிலும், அதற்கடுத்த நாள் அலங்காநல்லூரிலும் காளைகள் களமிறங்கும். ஒரு பொங்கலுக்கு முன், நம் பங்கின் சிறுவன் ஒருவன் நம்மிடம் வந்து, “சாமி, நம்ம ஊர் ஜல்லிக்கட்டு எந்த வருசம் ஆரம்பிச்சது?” என்று வினவினான். நமக்கு விடை தெரியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் மூவரிடம் கேட்டோம். ஒருவர் நாயக்கர் காலம் என்றார். மற்றொருவர் தம் பாட்டனார் காலம் என்றார். மூன்றாமவரோ, “அது ஆதியிலேர்ந்தே இருக்கு, சாமி!” என்று முடித்துவிட்டார்.

சிறுவனின் இக்கேள்வி சிறிய கேள்வியன்று. 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017இல் மாணவரும் இளைஞரும் திரண்டெழுந்த பின் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தம் செல்லும் என 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இவ்வழக்கம் உண்மையிலேயே நம் மரபுதானா என்பது அந்நீண்ட வழக்கில் ஒரு முக்கியக் கேள்வியாயிற்று. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறு தழுவுதலை விரிவாகப் பாடியிருப்பதால், தமிழகத்துக்குப் பொதுவான பழஞ்சான்று உண்டு. ஆயினும், ஒவ்வோர் ஊரின் சரித்திரமும் பெரும்பாலும் முதியோரின் நினைவிலேயே தங்கியிருக்கிறது.

நினைவை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதற்கு விடை காண, இரு விளையாட்டுகளின் கதையை வாசகர்களுக்குக் கூற விழைகிறோம். ஒன்று கடல் கடந்த அமெரிக்காவினுடையது. மற்றொன்று நமது நீலகிரியினுடையது.

ஐந்து வயதின் நினைவு

பேஸ்பால் அமெரிக்கரின் தேசிய விளையாட்டு. அது எங்கே பிறந்தது என்று ஆராய 1905ஆம் ஆண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. அப்போது டென்வர் நகரில் வாழ்ந்த ஆப்னர் கிரேவ்ஸ் என்னும் சுரங்கப் பொறியாளர் ஒரு கடிதம் வரைந்தார். கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில், ஆப்னர் டபிள்டே என்பவர் அவ்விளையாட்டை வகுத்ததாகத் தமது பிள்ளைப் பருவ நினைவை அவர் எழுதினார். குழுவும் 1907ஆம் ஆண்டின் இறுதியில் அதை ஏற்று, 1839ஆம் ஆண்டையே பிறந்த ஆண்டாக அறிவித்துவிட்டது. டபிள்டே உள்நாட்டுப் போரில் புகழ் பெற்ற தளபதியன்றோ? கதை கேட்க இனிதாயிருந்தது.

ஆனால் 1839இல் கிரேவ்சுக்கு வயது ஐந்து! டபிள்டேயோ அப்போது வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் மாணவர். 1893இல் அவர் இறக்கும் வரை, தாம் பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக எங்கும் எழுதி வைக்கவில்லை. இதற்கெல்லாம் மேலாக, 1744ஆம் ஆண்டிலேயே லண்டனில் வெளிவந்த ஒரு சிறுவர் நூலில் பேஸ்பால் என்னும் பெயர் காணப்படுகிறது. எனினும் கட்டிய கதை எளிதில் கலையவில்லை. நூறாண்டு நிறைவென்று கருதி, 1939இல் கூப்பர்ஸ்டவுனிலேயே அவ்விளையாட்டின் புகழ் மண்டபத்தைத் திறந்தார்கள். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மலை மேல் ஒரு மன்றம்

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 1882ஆம் ஆண்டில் உதகமண்டலம் எளிதில் எட்டக்கூடிய ஊரன்று. புகைவண்டி மேட்டுப்பாளையத்தோடு நின்றது. மலை ரயில் உதகையை அடைந்ததே 1908இல்தான். குதிரையிலும் வண்டியிலும் மலையேறிச் சென்ற ஆங்கில அதிகாரிகள், கோடைக்காலத்தை அங்கே கழித்தனர். அவர்களுள் ஒருவர் நெவில் சேம்பர்லேன். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான அதே பெயருடையவர் இவரல்லர்.

இவர் 1875ஆம் ஆண்டு, பத்தொன்பது வயது இளைஞராய், ஜபல்பூரில் டெவன்ஷயர் படைப்பிரிவில் பணியாற்றினார். மழைக்காலத்தில் வெளியே செல்ல இயலாத அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றிப் பொழுதைப் போக்கினர். பதினைந்து சிவப்புப் பந்துகளும் ஒரு கறுப்புப் பந்தும் கொண்டு ஆடிய பழைய ஆட்டத்தில், வேறு நிறப் பந்துகளையும் சேர்த்துப் பார்த்தார் சேம்பர்லேன். புதிய ஆட்டம் ஒன்று உருவாயிற்று. இங்கிலாந்தின் வூல்விச் இராணுவப் பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டு மாணவனை ‘ஸ்னூக்கர்’ என்று கேலி செய்வதுண்டு. எளிய பந்தைக் குழியில் விழச் செய்யத் தவறிய நண்பரை அப்பெயரால் அழைத்த சேம்பர்லேன், பின்னர் ‘இவ்வாட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தாம்’ என்று சமாதானம் கூறினாராம். அப்பெயரே ஆட்டத்துக்கும் நிலைத்தது.

ஆப்கான் போரில் காயமுற்ற அவர், 1881இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ராபர்ட்சின் உதவியாளர் குழுவில் சேர்ந்து உதகைக்கு வந்தார். மறு ஆண்டு, உதகமண்டலம் மன்றத்தின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்னூக்கரின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. இன்று உலகெங்கும் ஆடப்படும் ஆட்டம் நம் மலையூரில்தான் ஒழுங்கு பெற்றது.

இவை யாவும் நமக்கு எவ்வாறு தெரியும்? ஐம்பத்தாறு ஆண்டுகள் இச்செய்தி உலகறியாது கிடந்தது. ஆட்டம் வூல்விச்சிலேயே பிறந்தது என்ற பேச்சு எழுந்தபோது, 1938இல், எண்பத்திரண்டு வயது முதியவரான சேம்பர்லேன், ‘த ஃபீல்ட்’ என்னும் லண்டன் இதழுக்குக் கடிதம் எழுதி உண்மையை விளக்கினார். அந்நாளில் இந்தியாவில் பணியாற்றிய மூத்த அதிகாரிகள் சிலரும் அவருக்குச் சாட்சி பகர்ந்தனர். ஆறு ஆண்டுகளில், 1944இல், அவர் காலமானார். அவர் சற்றே தாமதித்திருந்தால், உதகையின் பெயர் இச்சரித்திரத்தில் இடம் பெற்றிராது.

இரு முதியோர், இரு கடிதங்கள்

இருவரும் முதுமையில் எழுதியவர்களே. கிரேவ்ஸ் ஐந்து வயதில் பிறரைப் பற்றிக் கண்டதைக் கூறினார். துணைச் சாட்சி இல்லை. கேட்டவர்களும் சோதித்தறியாது, தமக்குப் பிடித்ததை நம்பினர். சேம்பர்லேனோ, வளர்ந்த பின் தாமே செய்ததைக் கூறினார். உடன் வாழ்ந்தோர் அதை உறுதி செய்தனர். இருவர் மூவர் சாட்சியால் ஒரு காரியம் நிலைபெற வேண்டும் என்பது நாம் நன்கறிந்த நெறியன்றோ?

அச்சிறுவனிடம், “இன்ன ஆண்டு” என்று ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தால் அவன் மகிழ்ந்திருப்பான். நாமும் ஒரு கூப்பர்ஸ்டவுனைக் கட்டியிருப்போம். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினோம். வாடிவாசலில் நின்ற தாத்தாக்களிடம், அவர்கள் கண்ணால் கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்துக் கேட்டு, பெயரும் நாளும் இட்டு எழுதச் சொன்னோம். முதல் பக்கத்தில் அவன் எழுதியது ஒரே வரி: தன் தாத்தா காளை பிடித்த ஆண்டு.

வாசகர்களே, உங்கள் இல்லத்துத் திண்ணையிலும் ஒரு முதியவர் அமர்ந்திருக்கலாம். அவர் இருக்கும்போதே கேளுங்கள். கேட்டதை இன்னொருவரிடம் ஒப்பிட்டுப் பாருங்கள். பின் எழுதி வையுங்கள்.