குயில் பாட்டும் நான்காம் நாளும்

ஒரே திண்ணையில் அமர்ந்து ஒரே கதையைக் கேட்டவர் பதின்மராயின், அவர் வீடு திரும்புங்கால் கதையும் பத்தாகிவிடுதல் உலக இயல்பு. அது நகைத்து மறத்தற்குரியதென்பார் ஒருவர். மெய்ந்நெறி புகட்டுவதென்பார் மற்றொருவர். இளைஞர் கையிற் கொடுக்கத் தக்கதன்றென்பார் பிறிதொருவர். தமிழில் இங்ஙனம் வாசகரைப் பல கட்சியினராக்கிய நூல்களுள் பாரதியாரின் ‘குயில் பாட்டு’ ஒன்றாகும். அது செய்யுள் நூலே. எனினும் யாப்பினை மறந்து கதையை மட்டும் நோக்குவோமாயின், இக்காலத்து இளைஞர் விரும்பிப் படிக்கும் மாயக் காதல் நாவல்களில் உள்ளன யாவும் அதன்கண் உள. பேசும் பறவை, உருமாற்றம், முற்பிறவி, இளவரசன், வாட்போர், கைகூடாக் காதல் என்னும் இவற்றுள் ஒன்றேனும் குறைந்திலது. அந்நூலைப்பற்றி வாசகர் கொள்ளும் அபிப்பிராயங்கள் யாவை, அவை எவ்வளவிற் பொருந்துவன, ஒரு கதையைக் குறித்து முடிவு கூறுமுன் நாம் செய்யற்பாலது யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரதியார் 1908-ஆம் ஆண்டு முதல் 1918-ஆம் ஆண்டு வரை, ஆங்கில அரசின் பிடிக்கு அகப்படாது, பிரெஞ்சுப் புதுவையில் வாழ்ந்தார். ‘பாஞ்சாலி சபதம்’, ‘கண்ணன் பாட்டு’ என்பவற்றோடு ‘குயில் பாட்டும்’ அப்புதுவை வாழ்வின் விளைவேயாம். கலிவெண்பா யாப்பில், ஒன்பது பகுதிகளாக, ஏறக்குறைய 750 அடிகளில் அமைந்தது இந்நூல். புதுவைக்கு மேற்கே சிறிது தொலைவிலுள்ள ஒரு மாஞ்சோலை இதன் களம். கருவடிக்குப்பத்தை அடுத்துக் ‘குயில் தோப்பு’ என வழங்கும் இடமே அச்சோலையெனப் புதுவை மக்கள் காட்டுவர். மேற்கென்று கவிஞரே கூறியிருத்தலால் அது தம்மூர்ப் பக்கமே இருந்திருத்தல் வேண்டுமென்று வில்லியனூர் நண்பர் ஒருவர் என்னோடு வழக்காடுவதுண்டு.

கதைச் சுருக்கம் வருமாறு: வேடர் வாராத நாளொன்றில் அச்சோலையிற் புகுந்த கவிஞர் ஒருவர், ஒரு குயிலின் பாட்டிற்கு மனத்தைப் பறிகொடுக்கின்றார். காதல் கைகூடாவிடின் உயிர்வாழ்தல் வீண் என்னும் கருத்துடையது அப்பாட்டு. அவர் அணுகிக் குறை வினவவே, குயில் தன் உள்ளத்தைத் திறந்து கூறி, நான்காம் நாள் தவறாது வருமாறு சொல்லிப் பிரிகின்றது. கவிஞரோ பொறுத்திலர்; மறுநாளே சோலைக்குச் செல்கின்றார். ஆண்டுக் குயில் ஒரு குரங்கின் முன்னிருந்து, அதன் வாலழகையும் தாவும் திறனையும் வியந்து காதல் மொழி பேசக் காண்கின்றார். சினந்து வாளை வீசுகின்றார். குரங்கு தப்பியோடக் குயிலும் மறைகின்றது. மூன்றாம் நாள் குரங்கிருந்த இடத்தில் ஒரு கிழமாடு நிற்கின்றது. மீண்டும் வாள், மீண்டும் ஏமாற்றம்.

நான்காம் நாள் குயில், முனிவர் ஒருவர் தனக்குரைத்தவாறே, தன் முற்பிறவி வரலாற்றைக் கூறுகின்றது. முன்னர் அது சேரநாட்டு மலையிலே வேடர் தலைவன் முருகன் என்பானுக்குச் சின்னக்குயிலி என்னும் மகளாய்ப் பிறந்திருந்தது. மாமன் மகன் மாடன் அவள்மீது தீராக் காதல் கொண்டு நலிய, அவள் இரக்கத்தால் அவனுக்கு வாக்களித்தாள். தந்தையோ மொட்டைப்புலியன் மகனாகிய நெட்டைக்குரங்கனுக்கு அவளைக் கொடுக்க இசைந்தான். அந்நிலையில் வேட்டைக்கு வந்த சேர இளவரசனும் அவளும் ஒருவரையொருவர் கண்டு காதலித்தனர். இதனைக் கண்ட மாடனும் குரங்கனும் இளவரசனை வாளால் வெட்ட, அவன் அவ்விருவரையும் வீழ்த்தித் தானும் அவள் மடியில் உயிர்நீத்தான். அவ்விளவரசனே இக்கவிஞர் என்பதும், அன்று மாண்ட இருவரும் பேயுருவாய் மாயம் விளைக்கின்றனர் என்பதும் குயிலின் கூற்று. கூறி முடித்துக் குயில் அவர் கையில் வீழ்கின்றது. முத்தமிட்டவுடன் குயில் மறைந்து ஒரு மங்கை தோன்றுகின்றாள். தழுவியவுடன் மங்கையும் சோலையும் ஒருங்கே மறைகின்றன. விழித்து நோக்கின், பழம்பாயும் எழுதுகோலும் ஏடுகளுமே சூழ்ந்து கிடக்கின்றன. யாவும் மாலை மயக்கத்துக் கனவு! இறுதியில் கவிஞர் தமிழ்ப் புலவரை நோக்கி, இக்கற்பனைக்கு வேதாந்தமாகப் பொருள் விரிக்கச் சிறிதேனும் இடமிருப்பின் உரைக்குமாறு வேண்டி நூலை முடிக்கின்றார். வாசகர் கருத்தை வேண்டியே முடியும் நூலாதலின், அதனைப்பற்றிக் கருத்துக்கள் பலவாதலில் வியப்பில்லை.

சென்ற கோடை விடுமுறையில் பாகூரிலுள்ள எம் இல்லத்துத் திண்ணையில் இந்நூலை வாசித்துக் காட்டும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பாகூர் கல்விக்குப் புதிய ஊரன்று. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டிலே, அவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டமையைப் பாகூர்ச் செப்பேடு கூறும். அத்தகைய ஊரிலே கேட்போர்க்குக் குறைவில்லை. எங்கள் தெருவில் வாழும் முதிய ஆசிரியர் ஒருவர், பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு பயிலும் அவர் பேர்த்தி, ஏரிப் பாசனத்தில் நெற்பயிரிடும் உழவர் ஒருவர், என் அத்தை, வில்லியனூரிலிருந்து வந்து தங்கிய நண்பர் இருவர் ஆகியோர் வந்து அமர்ந்தனர். கதையும் நான்கு நாட் கதையாதலின், அதனை நான்கு மாலைகளாகப் பகுத்துக்கொண்டேன்.

முதல் மாலை நண்பர் இருவரும் மகிழ்ந்தனர். இஃது இனிய காதற்கதை, இதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு என்றனர். இரண்டாம் மாலை குரங்கின் புகழ்ச்சியைக் கேட்டு அத்தையும் உழவரும் வயிறு குலுங்க நகைத்தனர். முதிய ஆசிரியர் மட்டும் நகைத்திலர். “தம்பி, நேற்றுக் காதலென்று உருகிய குயில் இன்று குரங்கைக் கொஞ்சுகிறது. பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசிக்கத் தக்க கதையா இது?” என்று கூறிப் பேர்த்தியை உள்ளே போகுமாறு பணித்தார். அவளும் எழுந்து எம் வீட்டு நடைக்குட் சென்றாள். ஆயினும் கதவைச் சாத்தவில்லை. மூன்றாம் மாலை உழவர் மாட்டின் கட்சியை மேற்கொண்டு, உழைத்துக் கிழமான மாட்டைக் குயிலாவது புகழ்ந்ததே, அதற்காகவா வாளெடுப்பது என்று கவிஞரைக் கடிந்துகொண்டார்.

நான்காம் மாலை சின்னக்குயிலியின் வரலாறு முடிந்தபோது திண்ணை அமைதியுற்றது. அப்போது நடையிலிருந்து அப்பெண்ணின் குரல் கேட்டது. “மாடன் அழுதான், அதனால் ஒப்பினாள், குரங்கனுக்கு அப்பா ஒப்பினார். உனக்கு யார்மேல் விருப்பம் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லையே, தாத்தா?” என்றாள். அவளுக்கு வீட்டில் வரன் பார்த்துவருகின்றனர் என்பதைத் திண்ணையிலிருந்தோர் அனைவரும் அறிவர். பெரியவர் மறுமொழி கூறவில்லை. சிறிது பொழுது கழித்து, அப்பகுதியை மறுமுறை வாசிக்குமாறு என்னைக் கேட்டார். வாசித்தேன். பின்னர்க் கனவென்னும் முடிவினை வாசித்தபோது, வில்லியனூர் நண்பர் ஒருவர், இவ்வளவும் சொல்லிக் கனவென்று கைவிரித்தல் கேட்டவரை ஏமாற்றுவதேயாகும் என்று மனம் நொந்தார்.

இத்திண்ணையில் எழாத கருத்து ஒன்றும் உண்டு. அது கற்றோரிடை மிகுதியும் வழங்குவது. குயில் சீவாத்துமா, குரங்கு அலையும் மனம், மாடு மந்த குணம், இளவரசன் பரம்பொருள் என்றாற்போல ஒவ்வொன்றிற்கும் தத்துவப் பொருள் கூறுதலே அது. கவிஞரே வேண்டிக்கொண்டமையின் இம்முயற்சி தவறன்று. ஆனால் ஒன்று கருதத்தக்கது. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாண’ நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ இயற்றினார். அதன்கண் மாந்தர் பெயர்களே அவர்தம் தத்துவத்தைக் காட்டுவன. திறவுகோலை ஆசிரியரே வாசகர் கையில் தந்துவிடுகின்றார். குயில் பாட்டிலும் பெயர்கள் குறிப்புடையனவே. ஆயின் மாடன் என்னும் பெயர் மாட்டையும், குரங்கன் என்னும் பெயர் குரங்கையும் சுட்டுகின்றனவேயன்றி, யாதொரு தத்துவத்தையும் சுட்டுகின்றில. இரண்டாம் மூன்றாம் நாட்களின் புதிர் நான்காம் நாளிற் கதைக்குள்ளேயே அவிழ்கின்றது. வேதாந்தத்திற்கு இடமிருப்பின் என்று மட்டுமே கவிஞர் கூறினார், உண்டென்று கூறினாரல்லர்.

காதற் பாட்டிற்கு மறைபொருள் காணுதல் நமக்குப் புதிதன்று. மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 துறைகளிலும் அகப்பொருளாகவே நடக்கின்றது; அன்பரோ அதனைச் சிவனுக்கும் உயிர்க்குமுள்ள உறவாகவும் ஓதுவர். சாலொமோனின் உன்னதப்பாட்டினை யூதர் கடவுளுக்கும் இஸ்ரவேலுக்கும் உரியதாகவும், திருச்சபையார் கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உரியதாகவும் பொருள்கொண்டனர். 12-ஆம் நூற்றாண்டில் பெர்நார்து அடிகளார் அதனைக் குறித்து 86 பிரசங்கங்கள் இயற்றியும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தையே எட்டினார்! அவர் அத்துணை நிதானமாக நடந்ததற்குக் காரணம், மறைபொருளை நாடியபோதும் பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் விடாது சுவைத்தமையேயாகும். முத்தம் முத்தமாகவே இனிதாயிராவிடின், அஃது உவமையாகியும் பயனென்ன? குயிலின் துயர் கேட்டு உருகாதவர் கூறும் வேதாந்தமும் அத்தகையதே.

கனவு முடிவு ஏமாற்றமென்னும் கருத்திற்கும் விடையுண்டு. பாரதியார் ‘ஷெல்லிதாசன்’ எனப் புனைபெயர் பூண்டு ஆங்கிலக் கவிஞரைப் போற்றியவர். ஷெல்லியின் காலத்தவரான கீட்ஸ் 1819-இல் இராப்பாடிப் பறவையொன்றைப் பாடிய கவிதையும், கண்டது காட்சியோ விழிப்பிற் கனவோ என்னும் ஐயத்தோடே முடிகின்றது. நம் கவிஞர் ஐயத்திற்கும் இடம் வையாது, பழம்பாயையே காட்டிவிட்டார். எனினும் கனவென்றறிந்த பின்னரும் நண்பர் மனம் நொந்ததே, கதை அவர் நெஞ்சிற் பதிந்ததற்குச் சான்றாகும். பொய்யென்று தெரிந்தும் பிரிவிற்கு வருந்துதல், நல்ல கற்பனைக்கு நாம் இறுக்கும் வரியன்றோ!

இக்கருத்துக்களையெல்லாம் ஒருங்குவைத்து நோக்குமிடத்து எனக்குப் புலப்படுவது ஒன்று. இக்கதையிலே கவிஞர் தாமே ஒரு வாசகர்; அதிலும் பொறுமையற்ற வாசகர். நான்காம் நாள் வருக என்று குயில் தெளிவாகச் சொல்லியும், அவர் இரண்டாம் நாளே சென்றார். கண்ணாற் கண்ட ஒன்றைக்கொண்டே முடிவு கட்டினார். வினவு முன்னர் வாளை வீசினார். அவ்வாள் குறி தவறாது குயிலின்மேற் பட்டிருப்பின், சின்னக்குயிலியின் வரலாற்றை அவரும் அறியார், நாமும் அறியோம். எங்கள் பெரியவரும் இரண்டாம் மாலையே தீர்ப்புக் கூறிவிட்டார். காதற்கதையென்ற அளவிலே ஒரு நூலைப் பிள்ளைகள் கையினின்றும் பறிப்போரும், இரண்டு பக்கம் புரட்டியவுடன் அதனை வானளாவப் புகழ்வோரும் செய்வது அதுவே. கேளாது தீர்ப்பிடலாகாதென நிக்கொதேமு பரிசேயரிடை வாதாடிய செய்தி யோவான் சுவிசேஷத்தில் உள்ளது. மனிதர்க்குரிய அந்நீதி நூல்களுக்கும் உரியதே.

முற்றும் கேட்டபின் யாவரும் ஒரே கருத்தினராதல் வேண்டுமென்பது என் கொள்கையன்று. குயிலின் வரலாற்றை நம்பாதிருக்கவும், கனவு முடிவை வெறுக்கவும், காதலை உயிரினும் மேலாக வைத்தல் இளைஞர்க்கு நன்றன்றெனக் கூறவும் வாசகர்க்கு உரிமையுண்டு. பெரியவரும் தம் கருத்தை முற்றும் மாற்றிக்கொண்டாரென்று யான் சொல்லத் துணியேன். மறுநாட் காலை அவர் எம் இல்லத்திற்கு வந்து அந்நூலை இரவல் வாங்கிச் சென்றார். கல்லூரி திறந்து யான் புறப்படுங்காறும் அது திரும்பவில்லை. தாத்தா வாசித்து முடித்துப் பேர்த்தியிடம் கொடுத்திருக்கிறார் என்று அத்தை பின்னர் எழுதிய கடிதத்தால் அறிந்தேன்.

நம் கல்லூரி அன்பர்களுள் இந்நூலைப் பாடப்பகுதியாக மட்டும் பயின்றோர் பலர் இருத்தல் கூடும். அவர்கள் விடுமுறையில் தத்தம் ஊர்த் திண்ணையிலோ முற்றத்திலோ அதனை நான்கு மாலைகள் வாய்விட்டு வாசிப்பார்களாக. முதல் மூன்று மாலைகளில் எழும் கருத்துக்களையும் குறித்துவைத்து, நான்காம் மாலைக் கருத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. பாரதியார் புலவரை நோக்கி விடுத்த வினாவிற்கு, உழவரும் அத்தையும் கதவின் பின்னின்ற பெண்ணும் கூறும் விடைகளையும் சேர்த்துக்கொள்வது நம் கடமையாம்.