மீடியேட்டர் புரதத் தொகுதி

மீடியேட்டர் அல்லது இடையீட்டுப் புரதத் தொகுதி என்பது மெய்க்கருவுயிரிகளின் உயிரணுக்கருவில் மரபணுப் படியெடுத்தலை நெறிப்படுத்தும் பல புரதங்களின் கூட்டமைப்பு ஆகும். மரபணுக்களைத் தூண்டும் படியெடுத்தல் காரணிகளுக்கும், செய்தி ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேசு 2 நொதிக்கும் இடையே இணைப்பாக நிற்பதால் இப்பெயர் பெற்றது. ஈஸ்ட்டு, தாவரங்கள், விலங்குகள் ஆகியவற்றில் இது காணப்படுகிறது.

தேவை

ஓர் உடலின் கல்லீரல் உயிரணுவும் நரம்பு உயிரணுவும் ஏறத்தாழ ஒரே மரபணுக்களையே கொண்டுள்ளன. எவை படியெடுக்கப்படுகின்றன என்பதே அவற்றை வேறுபடுத்துகிறது. இதனை முடிவுசெய்யும் காரணிகள் டி.என்.ஏ.வில் மேம்படுத்திகள் எனப்படும் பகுதிகளில் பிணைகின்றன. மேம்படுத்திகள் மரபணுவின் தொடக்கியிலிருந்து பல்லாயிரம் காரஇணைகளுக்கு அப்பாலும் அமையலாம். எனவே அவற்றின் குறிப்பைப் பாலிமரேசுக்குக் கொண்டு சேர்க்க ஓர் இடையீடு தேவைப்படுகிறது.

கண்டுபிடிப்பு

தூய்மையாக்கப்பட்ட பாலிமரேசும் பொதுப் படியெடுத்தல் காரணிகளும் சோதனைக் குழாயில் படியெடுத்தலை நிகழ்த்தின. ஆனால் தூண்டும் காரணிகளைச் சேர்த்தபோது அதன் அளவு உயரவில்லை. ஈஸ்ட்டுச் சாற்றின் ஒரு கூறைச் சேர்த்த பின்னரே உயர்ந்தது. இதைக் கொண்டு அமெரிக்க அறிவியலாளர் ரோஜர் கோர்ன்பர்க் குழுவினர் 1990 இல் மீடியேட்டர் இருப்பதை அறிவித்தனர். 1994 இல் அது தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. மெய்க்கருவுயிரிப் படியெடுத்தல் குறித்த ஆய்வுகளுக்காகக் கோர்ன்பர்க் 2006 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். வெவ்வேறு ஆய்வகங்கள் இட்ட பெயர்களுக்கு மாற்றாக, 2004 இல் துணையலகுகளுக்குப் பொதுப் பெயரிடல் முறை முன்வைக்கப்பட்டது.

அமைப்பு

ஈஸ்ட்டு மீடியேட்டரில் 25 துணையலகுகள் உள்ளன. மனிதரில் இவ்வெண்ணிக்கை சுமார் 30 ஆகும். இவை நான்கு பிரிவுகளாக அமைந்துள்ளன.

தலை, நடு: பாலிமரேசுடன் பிணைபவை.
வால்: பெரும்பாலும் தூண்டும் காரணிகளுடன் பிணைவது.
கைனேசுப் பிரிவு: சி.டி.கே.8, சைக்ளின் சி, மெட்12, மெட்13 ஆகிய நான்கு புரதங்களைக் கொண்டது. தொகுதியுடன் சேர்ந்தும் பிரிந்தும் இயங்குவது.

செயற்பாடு

மேம்படுத்தியில் பிணைந்த காரணி மீடியேட்டரை ஈர்க்கிறது. இடைப்பட்ட டி.என்.ஏ. கண்ணிபோல் வளைவதால் மேம்படுத்தியும் தொடக்கியும் அண்மிக்கின்றன. தொடக்கியில் பாலிமரேசும் பொதுக் காரணிகளும் ஒன்றுகூட மீடியேட்டர் துணைபுரிகிறது.

பாலிமரேசின் வால்பகுதியில் ஏழு அமினோ அமிலங்களாலான தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. ஈஸ்ட்டில் சுமார் 26 முறையும் மனிதரில் 52 முறையும் அமைந்துள்ளது. மீடியேட்டர் இவ்வால்பகுதியைப் பற்றுகிறது. பொதுக் காரணிகளுள் ஒன்றான டி.எஃப்.2.எச். இதில் பொசுபேட்டுகளைச் சேர்ப்பதையும் அது ஊக்குவிக்கிறது. பொசுபேட்டேறியதும் பிடி தளர்ந்து, பாலிமரேசு தொடக்கியை விட்டு நகர்ந்து படியெடுத்தலைத் தொடர்கிறது. கைனேசுப் பிரிவு இணைந்திருக்கும்போது மீடியேட்டரால் பாலிமரேசுடன் பிணைய இயலாது. ஆகவே இப்பிரிவு பல இடங்களில் தடையாகவும், சில மரபணுக்களில் ஊக்கியாகவும் செயற்படுகிறது.

நோய்களுடன் தொடர்பு

மெட்12 மரபணுவின் திடீர்மாற்றங்கள் அறிவுத்திறன் குறைபாட்டுடன் கூடிய சில பிறவி நோய்க்கூட்டறிகுறிகளுக்குக் காரணமாகின்றன. 2011 இல் வெளியான ஆய்வொன்றில், ஆராயப்பட்ட கருப்பை நார்த்திசுக் கட்டிகளுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் இம்மரபணு மாறியிருந்தது. இம்மாற்றங்கள் சி.டி.கே.8 நொதியின் செயலூக்கத்தைக் குறைப்பதாகப் பின்னர் அறியப்பட்டது. தொகுதியின் ஒரே ஒரு துணையலகு பழுதுற்றாலும் உயிரணுவின் கட்டுப்பாடு குலையலாம் என்பதற்கு இது சான்றாகும்.