நரம்பு பாதிப்பும் பி உயிர்ச்சத்துகளும்

மூளையையும் தண்டுவடத்தையும் உடலின் பிற பகுதிகளோடு இணைக்கும் நரம்புகள் சிதைவதைப் புற நரம்பு பாதிப்பு என்பர். கை, கால்களில் மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, தசை வலுவிழத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். நீரிழிவு, மதுப்பழக்கம், தொழுநோய், சில மருந்துகள், உயிர்ச்சத்துக் குறைபாடு எனக் காரணங்கள் பல. குறைபாட்டால் வந்த பாதிப்புக்கு அந்த உயிர்ச்சத்தே மருந்தாகும். பிற காரணங்களால் வந்ததை உயிர்ச்சத்து மாத்திரை மட்டும் குணப்படுத்தாது.

உயிர்ச்சத்து பி1

இதற்குத் தயமின் என்றும் பெயர். இது குறைந்தால் பெரிபெரி நோய் உண்டாகிறது. 1890களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியை உண்ட கோழிகளின் கால்கள் செயலிழப்பதையும், தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று இக்குறைபாடு நெடுநாள் மது அருந்துவோரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது.

உயிர்ச்சத்து பி6

காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியாசிட் மருந்து உடலில் பி6 அளவைக் குறைக்கிறது. எனவே பாதிப்பு வராமல் தடுக்க, அதனுடன் பி6 மாத்திரையும் தரப்படுவதுண்டு. ஆனால் பி6ஐ அதிக அளவில் நீண்ட நாள் உட்கொண்டால், அதுவே உணர்வு நரம்புகளைச் சிதைக்கும்.

உயிர்ச்சத்து பி12

நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைப் பேண பி12 தேவை. இது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உள்ளது. கல்லீரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பு இருப்பதால், குறைபாடு மெதுவாகவே வெளிப்படும். பாலும் தவிர்க்கும் சைவ உணவினர், முதியோர், இரைப்பை அறுவை செய்துகொண்டோர், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோர் ஆகியோருக்கு இது ஏற்பட வாய்ப்பு அதிகம். குறைபாடு முற்றினால் தண்டுவடமும் சிதைந்து நடை தள்ளாடும்.

பி12 குறைவால் இரத்தசோகையும் வரலாம். அப்போது ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தசோகை நீங்கிவிடும்; நரம்புச் சிதைவோ மறைவாகத் தொடரும். இரத்தசோகை இல்லாமலேயே நரம்பு பாதிக்கப்படுவதும் உண்டு.

சிகிச்சை

இரத்தப் பரிசோதனையில் குறைபாடு உறுதியானால், பி12 ஊசியாகவோ அதிக அளவு மாத்திரையாகவோ தரப்படும். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் நரம்புகள் பெரும்பாலும் தேறும். காலம் கடந்தால் பாதிப்பு நிலைத்துவிடலாம். ஆகவே, மதமதப்பு தொடர்ந்தால் தாமாக மாத்திரை வாங்கி உண்ணாமல், மருத்துவரிடம் காரணத்தைக் கண்டறிவதே முதல் படியாகும்.